சுற்றாத, பிழியாத வாஷிங் மெஷின்: எங்கே, எந்த வரிசையில் பார்ப்பது

வாஷிங் மெஷின் துணியைப் புரட்டாமலோ பிழியாமலோ நின்றுவிட்டால், பல வீடுகளில் முதலில் கேட்கும் வார்த்தை “மோட்டார் போய்விட்டது” என்பதுதான். மோட்டார் போவதும் உண்டு. ஆனால் அதற்கு முன்பாகப் போகக்கூடிய பொருள்கள் பல இருக்கின்றன. மூடி சுவிட்ச், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர், பெல்ட், பிரேக் வயர், தொட்டிக்கு அடியில் விழுந்து தண்டில் சுற்றிக்கொண்ட ஒரு கைக்குட்டை என்று அவற்றில் பலவும் சில நூறு ரூபாய்க்குள்ளோ செலவே இல்லாமலோ சரியாகிவிடுபவை. ஆகவே மலிவான காரணத்திலிருந்து விலை கூடிய காரணத்தை நோக்கிப் போவதே சரியான வரிசை. மெக்கானிக்கை அழைப்பதாக இருந்தாலும், எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் தேவையில்லாத பாகத்தை மாற்றிப் பணம் கொடுக்க வேண்டிய நிலை வராது.

நம் ஊர் வீடுகளில் அதிகம் புழங்கும் இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக், மேலே திறக்கும் ஃபுல்லி ஆட்டோமேட்டிக் ஆகிய இரண்டு வகைகளைப் பற்றியே இங்கே விரிவாகச் சொல்லப்படுகிறது. முன்பக்கம் திறக்கும் மெஷினில் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை குறைவு என்பதால் அதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லியிருக்கிறேன்.

கழற்றுவதற்கு முன் கேளுங்கள்

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன், மெஷினை ஒருமுறை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். சத்தமே இல்லாமல் இருந்தால் மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை என்று பொருள். பிளக், மூடி சுவிட்ச், டைமர், அறுந்த வயர் ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். “ம்ம்ம்” என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், மின்சாரம் போகிறது, ஆனால் மோட்டாரால் கிளம்ப முடியவில்லை. கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கும், அல்லது ஏதோ ஒன்று தண்டை இறுகப் பிடித்திருக்கும், அல்லது வோல்டேஜ் குறைவாக இருக்கும். மூன்றாவதாக, மோட்டார் வழக்கம்போல ஓடும் சத்தம் கேட்டும் உள்ளே எதுவும் சுற்றாவிட்டால், மோட்டாருக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள பெல்ட், கியர் பாக்ஸ், துவைப்பதிலிருந்து பிழிவதற்கு மாற்றும் கிளட்ச், பல்சேட்டரின் (தொட்டியின் அடியில் சுழன்று துணியைப் புரட்டும் தட்டு) பல் ஆகியவற்றில்தான் பழுது.

உறுமும் சத்தம் கேட்டால் ஓரிரு விநாடிகளுக்கு மேல் ஓடவிடாமல் நிறுத்திவிடுங்கள். சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். அந்தச் சூட்டில் வைண்டிங், அதாவது மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி, கருகினால், கெப்பாசிட்டர் மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய பழுது மோட்டார் மாற்றுவதில் போய் முடியும்.

அடுத்ததாக, துவைப்பது, பிழிவது ஆகிய இரண்டில் எது நின்றது என்று பாருங்கள். செமி ஆட்டோமேட்டிக்கில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மோட்டார், தனித்தனி டைமர். ஒரு பக்கம் ஓடினாலே பிளக்கும் மெயின் வயரும் சரியாக இருக்கின்றன என்று தெரிந்துவிடும். ஓடாத பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கிலோ ஒரே மோட்டார்தான் இரண்டு வேலையையும் செய்கிறது. ஆகவே அது நன்றாகத் துவைத்துவிட்டுப் பிழிய மட்டும் மறுத்தால், மோட்டார்மீது சந்தேகப்படுவதற்குப் பெரும்பாலும் இடமில்லை. தண்ணீர் வெளியேறுவதையும், மூடியையும், கிளட்சையும்தான் பார்க்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும்போது

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிக் கண்ணில் படும்படி மெஷின் மேலே வையுங்கள். வயரிங் மாறிப்போன வீடுகளில் சுவிட்ச் மின்சாரம் வரும் ஃபேஸ் வயரில் இல்லாமல் நியூட்ரல் வயரில் இருக்கும்; அணைத்த பிறகும் மெஷினுக்குள் மின்சாரம் நிற்கும். தரையை உலர்த்தி, தண்ணீரை முழுவதுமாக வடித்துவிட்டு, பின்பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றுங்கள். படுக்கவைக்க நேர்ந்தால் இரண்டு பேராக, பழைய போர்வையை விரித்து அதன்மேல் சாய்க்க வேண்டும். எந்த வயரைக் கழற்றுவதற்கு முன்னும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது பிறகு பெரிய தலைவலியைத் தவிர்க்கும். வயர்களின் நிறம் மெஷினுக்கு மெஷின் மாறும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கலாம். எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சோதனை விளக்கை, அதாவது குண்டு பல்பு மாட்டிய ஹோல்டரிலிருந்து வரும் இரண்டு வயர் முனைகளையும், கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளில் சில விநாடிகள் பிடித்தால் அது வடிந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்துத் தீப்பொறி பறக்கவிடுவது பலரிடம் உள்ள பழக்கம். கெப்பாசிட்டருக்கும் கண்ணுக்கும் அது நல்லதல்ல.

செமி ஆட்டோமேட்டிக்: பிழியும் பக்கம்

இரட்டைத் தொட்டி மெஷின்களில் அதிகம் தொந்தரவு கொடுப்பது பிழியும் பக்கம்தான். அங்கே டிரம் நேரடியாக மோட்டாரின் தண்டோடு இணைந்திருப்பதால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,300 முதல் 1,400 சுற்று வரை அது ஓடுகிறது. அந்த வேகத்தில் சிறிய தடை இருந்தாலும் கிளம்பாது.

முதலில் டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். மூடி திறந்திருக்கும்போது அது சுற்ற மறுத்தால் பழுது என்று எண்ண வேண்டாம். மூடியைத் திறந்தவுடன் டிரம்மைப் பிடித்து நிறுத்துவதற்காகவே பிரேக் ஒன்று இருக்கிறது. மூடியை மூடிய நிலையில் பின்பக்கத் தகட்டின் வழியாக மோட்டாரையும் டிரம்மின் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கைக் கையால் திருப்பிப் பார்ப்பதே சரியான சோதனை. அப்போது அது இலேசாகச் சுற்ற வேண்டும். கனமாகவோ, ஓரிடத்தில் மட்டும் பிடித்துக்கொள்வதுபோலவோ இருந்தால் அடுத்த சோதனைக்குப் போங்கள்.

பிழியும் டிரம்முக்கும் வெளித் தொட்டிக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது. துணியை விளிம்புவரை அடைத்துவிட்டு, அதன்மேல் வைக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டை வைக்காமல் விட்டால், சுற்றும் வேகத்தில் கைக்குட்டை, குழந்தையின் காலுறை, ஜாக்கெட்டின் கயிறு போன்றவை மேலே எழும்பி அந்த இடைவெளி வழியாகக் கீழே போய் தண்டில் சுற்றிக்கொள்கின்றன. மெஷின் வாங்கியபோது கொடுத்த அந்தத் தட்டு பல வீடுகளில் எங்கோ மூலையில் கிடப்பதற்கும், பிழியும் பக்கம் அடிக்கடி நிற்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

சிக்கிய துணியை எடுக்க, டிரம்மின் விளிம்பைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். மோட்டார் மூன்று ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் டிரம் ஓரளவு சாய்ந்து கொடுக்கும். எதிர்ப்பக்கத்தில் இடைவெளி அகலமாகும். டார்ச் அடித்துப் பார்த்தால் துணியின் ஒரு முனை தெரியும். கெட்டியான கம்பியின் நுனியை வளைத்து, கூர்மை வெளியே தெரியாதபடி மடக்கிக் கொக்கிபோலச் செய்து, அந்த முனையைப் பிடித்து மெதுவாக இழுங்கள். இழுக்கும்போது மற்றொருவர் மூடியின் நெம்புகோலை அழுத்திப் பிரேக்கை விடுவித்துக்கொண்டு, டிரம்மை வழக்கமான திசைக்கு எதிராகச் சுற்ற வேண்டும். சுற்றிக்கொண்ட துணி அப்படித்தான் பிரிந்து வரும். வெறுமனே இழுத்தால் கிழிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். கம்பியின் நுனியை மடக்கச் சொன்னதற்குக் காரணம், தொட்டியின் அடியில் தண்டைச் சுற்றியுள்ள மடிப்பு ரப்பர். அதில் ஒரு ஓட்டை விழுந்தால் பிழிந்த தண்ணீர் நேராக மோட்டாரின் தலையில் சொட்டும்.

அந்த ரப்பரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிழியும் மோட்டார் கருகிப்போவதற்கு அந்த மடிப்பு ரப்பரின் கசிவு முக்கியமான காரணங்களுள் ஒன்று. பின்பக்கம் திறந்து பார்க்கும்போது மோட்டாரின் மேற்பகுதியில் துருக் கோடுகளோ, உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் திட்டுகளோ தெரிந்தால் ரப்பர் கசிகிறது என்று கொள்ளலாம். போர்வெல் தண்ணீர் புழங்கும் வீடுகளில் அந்த வெள்ளை அடையாளம் மிகத் தெளிவாகவே தெரியும். ரப்பரை மாற்றாமல் புது மோட்டார் மட்டும் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். மோட்டார் மாற்ற வருபவரிடம் ரப்பரையும் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

துணி எதுவும் சிக்கவில்லை, ஆனாலும் கனமாகச் சுற்றுகிறது என்றால் பிரேக்கைப் பாருங்கள். மூடியிலிருந்து கீழே வரும் மெல்லிய கம்பியோ கேபிளோ, மூடி மூடியிருக்கும்போது பிரேக் நெம்புகோலை இழுத்துப் பிடித்து, பிரேக் கட்டையைச் சக்கரத்திலிருந்து விலக்கி வைக்கிறது. அந்தக் கம்பி அறுந்தாலோ, கொக்கியிலிருந்து கழன்றாலோ, நாளாக ஆகத் தொய்ந்தாலோ பிரேக் விடாது. ஒருவர் மூடியை மூடித் திறக்க, மற்றவர் பின்பக்கம் பார்த்தால் நெம்புகோல் அசைகிறதா, கட்டை முழுவதுமாக விலகுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். தொய்வு மட்டும் என்றால் கம்பியின் கொக்கியை அடுத்த துளையில் மாட்டியோ வளைவைக் குறுக்கியோ இறுக்கலாம். அறுந்திருந்தால் புதிது போடுவதே நல்லது. முறுக்கி முடிச்சுப் போட்ட கம்பி நீண்ட நாள் நிற்காது.

சத்தமே வராமல் இருந்தால் மூடி சுவிட்ச். இரண்டு தகடுகள் ஒன்றையொன்று தொடும் மிக எளிய அமைப்பு அது. சோப்பு நுரையும் ஈரமும் பட்டுத் தகடுகளில் கரி படியும், அல்லது மூடியின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து சுவிட்சை எட்டாமல் போகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுவிட்சின் இரண்டு வயர் முனைகளில் மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து மூடியை மூடினால் “பீப்” வர வேண்டும். திறந்தால் நிற்க வேண்டும். கரி மட்டும் என்றால் மெல்லிய எமெரித் தாளால் தேய்த்தாலே போதும். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சில மெக்கானிக்குகள் சுவிட்சை மாற்றாமல் இரண்டு வயரையும் முறுக்கி “டைரக்ட்” கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மெஷின் ஓடும், ஆனால் மூடி திறந்திருக்கும்போதும் மோட்டாருக்கு மின்சாரம் போகும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதை ஒருநாளும் அனுமதிக்கக் கூடாது.

சுவிட்சும் சரியென்றால் ஸ்பின் டைமரை அதேபோல மீட்டரால் சோதிக்கலாம். குமிழைத் திருப்பிய நிலையில் இணைப்பு இருக்க வேண்டும். குமிழ் திருகப்பட்ட நிலையிலேயே நகராமல் நின்றாலோ, திருப்பிய மறுகணமே பூச்சியத்துக்குத் திரும்பினாலோ உள்ளே உள்ள ஸ்பிரிங்கோ பல்லோ போய்விட்டது; டைமரைப் பிரித்துச் சரிசெய்ய முயல வேண்டாம், அது முழுதாக மாற்றும் பொருள்.

இன்னொன்று எளிதில் கண்ணில் படாது. கழிவு நீர்க் குழாய் அடைத்துக்கொண்டாலோ உயரமான திட்டின் மேல் ஏறிப் போனாலோ, துவைக்கும் பக்கத்துத் தண்ணீர் பிழியும் தொட்டியின் அடியில் தேங்கி நிற்கும். டிரம் அந்தத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே திணறும். மோட்டாரைப் பழிப்பதற்கு முன் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்.

கெப்பாசிட்டர்

மெக்கானிக்குகள் பலர் கண்டென்சர் என்று சொல்வதும் இதைத்தான். வீட்டு மின்சாரம் ஒரே ஃபேஸ் என்பதால், இந்த மோட்டார்களால் தாமாகச் சுழலத் தொடங்க முடியாது. நின்றுகொண்டிருக்கும் ஊஞ்சலுக்கு முதல் தள்ளு தேவைப்படுவதுபோல, இரண்டாவது வைண்டிங்குக்குக் கரண்டைச் சற்று முன்தள்ளிக் கொடுத்து மோட்டாரைக் கிளப்புவது கெப்பாசிட்டர்தான். வயதாக ஆக அதன் அளவு குறைந்துகொண்டே வரும். அதனால்தான் முதலில் காலித் தொட்டியோடு ஓடுகிறது, துணி போட்டால் உறுமுகிறது என்ற நிலை வரும். பிறகு காலியாக இருந்தாலும் கிளம்பாது.

வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை இது: துவைக்கும் பக்கத்தில், பிளக்கைப் பிடுங்கிய நிலையில் பல்சேட்டர் கையால் தடையில்லாமல் திரும்புகிறது, ஆனால் மின்சாரம் கொடுத்தால் உறுமல் மட்டும் கேட்கிறது என்றால் கெப்பாசிட்டர் மீதுதான் முதல் சந்தேகம். ஓடும் மெஷினுக்குள் கையை விட்டுத் தள்ளிப் பார்க்கும் சோதனையைப் பலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். கெப்பாசிட்டரின் உடல் உப்பியிருந்தாலோ, வெடித்திருந்தாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ மீட்டரே தேவையில்லை. வெளிப்பார்வைக்குக் குறை எதுவும் தெரியாவிட்டால், மின்சாரத்தை வடித்துவிட்டு, கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரால் அளந்து மேலே அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று அதிலேயே குறித்திருப்பார்கள். 10 மைக்ரோ ஃபாரட் என்று எழுதியிருப்பது 6 அல்லது 7 காட்டினால் அது வேலைக்கு ஆகாது.

கடையில் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். மைக்ரோ ஃபாரட் அளவு அதேயாக இருக்க வேண்டும். வோல்ட் அளவு அதேயாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பழையதில் 440 வோல்ட் ஏசி என்று இருந்தால் 250 வோல்ட் உள்ளதை வாங்கிவிடாதீர்கள். சில செமி ஆட்டோமேட்டிக் மெஷின்களில் இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து ஒரே பெட்டிக்குள் இரண்டு அளவுகள் கொண்ட கெப்பாசிட்டர் இருக்கும். அதில் பெரிய எண் துவைக்கும் மோட்டாருக்கு, சிறிய எண் பிழியும் மோட்டாருக்கு. எந்த வயர் எதற்கு என்பதற்கு முன்பு எடுத்த படம் இங்கே உதவும். “கொஞ்சம் பெரிய அளவு போட்டால் இன்னும் வேகமாக ஓடும்” என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்க வேண்டாம். வேகம் அதிகமாகாது, மோட்டார்தான் சூடாகும்.

துவைக்கும் பக்கம்

துவைக்கும் பக்கத்தில் மோட்டார் சத்தம் கேட்டும் பல்சேட்டர் அசையாவிட்டால் பின்பக்கத் தகட்டைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள். அறுந்த பெல்ட் கீழே கிடக்கும். வழுக்கும் பெல்ட் மெஷினின் அடியில் கறுப்புப் பொடியை உதிர்த்திருக்கும், ரப்பர் கருகும் வாசனையும் வரும். சரியான இறுக்கம் என்பது, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்ளே போவது. தொய்ந்திருந்தால் மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, நீள்துளையில் மோட்டாரை வெளியே நகர்த்தி இறுக்கலாம். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் போய்விடும். புதிய பெல்ட் வாங்க, பழையதன் முதுகில் அச்சிட்டிருக்கும் எழுத்தையும் எண்ணையும் பார்த்து அதையே கேளுங்கள். நூல் வைத்து அளந்து வாங்குவது சரிவராது.

பெல்ட் சுற்றுகிறது, பல்சேட்டர் சுற்றவில்லை, அல்லது காலியாக இருக்கும்போது சுற்றித் துணி போட்டதும் நிற்கிறது என்றால், பல்சேட்டரின் நடுவில் தண்டைப் பற்றும் பற்கள் தேய்ந்திருக்கலாம். நடுத் திருகைக் கழற்றிப் பல்சேட்டரை மேலே தூக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊர்களில் அது தண்டோடு ஒட்டிக்கொண்டு எளிதில் வராது. வெந்நீர் ஊற்றிச் சிறிது நேரம் விட்டு, இரண்டு எதிரெதிர் ஓரங்களில் உறுதியான நாடாவை நுழைத்து நேராக மேலே இழுத்தால் விட்டுக்கொடுக்கும். ஒரு பக்கமாக ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தொட்டி விரிசல் விடும். அடியில் ஒரு ரூபாய் நாணயம், ஊக்கு, கொண்டை ஊசி, சட்டைப் பொத்தான் ஆகியவை கிடைப்பது சாதாரணம். அவை சிக்கிச் சுற்றவிடாமல் செய்திருந்தால் சுத்தம் செய்து திரும்பப் பூட்டினாலே வேலை முடிந்தது. நடுப் பற்கள் வழுவழுப்பாக இருந்தால் புதுப் பல்சேட்டர். தண்டின் பற்களே தேய்ந்திருந்தால் கியர் பாக்ஸ். கியர் பாக்ஸிலிருந்து எண்ணெய் வழிந்திருந்தாலும் அதுதான் தீர்ப்பு.

ஒரு திசையில் மட்டும் சுற்றி மறுதிசையில் சுற்றாமலிருப்பது வேறு கதை. துவைக்கும் டைமர்தான் சில விநாடிகளுக்கு ஒருமுறை கரண்டை ஒரு வைண்டிங்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் திசையைத் திருப்புகிறது. அதன் ஒரு முனை கருகியிருக்கும். துவைக்கும் மோட்டாரிலிருந்து வரும் மூன்று வயர்களில், பொது வயருக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே தனித்தனியாக அளந்தால் ஏறத்தாழ ஒரே ஓம் அளவு வர வேண்டும். இரண்டும் சமமாக இருந்து திசை மட்டும் மாறாவிட்டால் டைமரை மாற்றலாம். ஒன்றில் மீட்டர் அசையவே இல்லை என்றால் மோட்டாரின் வைண்டிங் அறுந்துள்ளது. பிழியும் மோட்டாரில் இந்த இரண்டு அளவுகளும் சமமாக இருக்காது. அது ஒரே திசையில் ஓடுவது, அதனால் அங்கே சமமின்மை பழுதல்ல.

ஃபுல்லி ஆட்டோமேட்டிக், மேலே திறப்பது

இந்த வகை மெஷின் பிழிய மறுத்தால் முதலில் பார்க்க வேண்டியது தொட்டியில் தண்ணீர் நிற்கிறதா என்பதே. தண்ணீர் முழுவதும் போய்விட்டது என்று சென்சார் சொல்லும்வரை அது பிழியத் தொடங்காது. பம்ப் இல்லாமல் தானாக வடியும் மாடல்களில் கழிவுக் குழாய் தரையோடு படிந்து போக வேண்டும். நம் வீடுகளில் குளியலறை வாசலில் ஒரு திட்டு கட்டியிருப்பார்கள். மெஷினை வெளியே வைத்துக் குழாயை அந்தத் திட்டின் மேல் ஏற்றிவிட்டால், தொட்டியின் அடியில் ஒரு பங்கு தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். மெஷின் பழுதென்று சொல்லி வருபவர் குழாயைக் கீழே இறக்கிவிட்டு வருகைக் கட்டணம் வாங்கிக்கொண்டு போவார்.

குழாய் சரியாக இருந்தும் தண்ணீர் போகாவிட்டால் டிரைன் மோட்டார். பல பெல்ட் மாடல்களில் இந்தச் சிறிய மோட்டார் ஒரே இழுப்பில் இரண்டு வேலை செய்கிறது: வடிகால் வால்வைத் திறக்கிறது, கூடவே கிளட்ச் நெம்புகோலையும் நகர்த்தித் துவைக்கும் நிலையிலிருந்து பிழியும் நிலைக்கு மாற்றுகிறது. ஆகவே “துவைக்கிறது, தண்ணீர் போகவில்லை, பிழியவும் இல்லை” என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அந்தச் சிறிய மோட்டாரையே முதலில் சந்தேகிக்கலாம். பிழியும் கட்டம் தொடங்கும்போது கீழிருந்து “கிர்ர்” என்ற மெல்லிய சத்தத்தோடு அது இழுப்பது கேட்க வேண்டும். இழுத்தும் தண்ணீர் போகாவிட்டால் வால்வில் நூல், முடி, ஊக்கு ஏதோ அடைத்திருக்கும். தண்ணீர் போகிறது, டிரம் மட்டும் சுற்றவில்லை என்றால் கிளட்ச் நெம்புகோல் முழுத் தூரம் நகரவில்லை. இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு: துவைக்கும்போது பல்சேட்டரோடு சேர்ந்து முழு டிரம்மும் சுற்றினால் கிளட்ச் பிழியும் நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது.

மூடி சரியாக மூடவில்லை, எடை ஒருபக்கம் சாய்ந்துவிட்டது ஆகிய இரண்டையும் திரையில் வரும் எழுத்துகளே சொல்லிவிடும். எல்ஜி, சாம்சங் மெஷின்களில் யூ, இ ஆகிய ஆங்கில எழுத்துகள் வந்தால் எடை சமநிலை இல்லை. டி, இ வந்தால் மூடி. தண்ணீர் வடியாததற்கு எல்ஜியில் ஓ, இ. சாம்சங்கில் 5 என்ற எண்ணோடு இ அல்லது சி. வேறு கம்பெனி என்றால் கூட வந்த புத்தகத்தைப் பாருங்கள். சமநிலைப் பழுது வந்தால் மெஷின் பலமுறை தண்ணீர் எடுத்துத் துணியைப் பிரிக்க முயன்று, முடியாமல்தான் நிற்கிறது. ஜமுக்காளம், கனமான ஒற்றைப் போர்வை, கால்மிதி ஆகியவற்றைத் தனியாகப் போட்டால் இது நடக்கும். கூட இரண்டு துண்டுகளைப் போட்டு எடையைப் பரப்புங்கள். புடவைகளையும் வேட்டிகளையும் மடித்துத் தனித்தனியாகப் போட வேண்டும். நீளத் துணி முறுக்கிக்கொண்டு பல்சேட்டரையே கட்டிப்போடும். மழைக் கோட்டு, நீர் புகாத மெத்தை உறை போன்றவற்றைப் பிழியும் கட்டத்தில் போடவே கூடாது. உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியேற வழியின்றி ஒருபக்கமாகச் சாய்ந்து டிரம்மையே உடைத்துவிடும். மெஷினின் நான்கு கால்களும் தரையில் ஊன்றியிருக்கின்றனவா என்பதையும் மூலைகளை அழுத்திப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

எலியைச் சொல்லாமல் விட முடியாது. அடியில் திறந்திருக்கும் மெஷினுக்குள் எலி நுழைந்து வயரையும் பெல்ட்டையும் டிரைன் மோட்டாரின் இணைப்பையும் கடித்துப் போடுவது அடிக்கடி நடப்பது. நேற்றுவரை ஓடியது இன்று காலை சத்தமே இல்லாமல் நின்றால், மீட்டரை எடுப்பதற்கு முன் டார்ச்சை எடுத்து அடியில் பாருங்கள். புழுக்கையும் வயரின் செம்பும் தெரியும். கடிபட்ட வயரை இணைத்தபின் இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றி விடாமல், சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுகப் பிடிக்கும் குழலைப் போட்டு, ஈரம் படாத உயரத்தில் கட்டுங்கள். அடியில் கம்பி வலை போடுவது நல்லது. ஆனால் காற்றுப் போக வழியும், டிரம் ஆட இடமும் இருக்க வேண்டும்.

முன்பக்கம் திறப்பது

இங்கே நாம் பார்க்கக்கூடியவை மூன்று. கீழ் மூலையில் உள்ள சிறிய கதவைத் திறந்து பம்ப் ஃபில்டரைச் சுத்தம் செய்வது, முதலாவது. அடைப்பினால் தண்ணீர் போகாமல் பிழியாமல் நிற்பதுதான் இவற்றில் மிகச் சாதாரணமான பழுது. திறக்குமுன் கீழே அகலமான தட்டும் துணியும் வையுங்கள், தண்ணீர் கொட்டும். கதவு பூட்டும் “க்ளிக்” சத்தம் வருகிறதா என்பது இரண்டாவது. பின்பக்கம் பெல்ட் கழன்றிருக்கிறதா என்பது மூன்றாவது. டிரம்மைக் கையால் சுற்றும்போது வழக்கத்தைவிட மிக இலேசாகச் சுற்றினால் பெல்ட் இல்லை. பழைய மாடல்களில் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தாலும் சுற்றாது. மற்றவை எலெக்ட்ரானிக் போர்டுக்குள் உள்ள விஷயங்கள்.

வோல்டேஜ்

கோடையில் மாலை நேரங்களில் மட்டும் உறுமுகிறது, காலையில் ஓடுகிறது என்றால் மெஷினில் ஒன்றுமில்லை. இத்தகைய மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வந்தால் இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகிவிடும். துணியோடும் தண்ணீரோடும் அது கிளம்பாது. மெல்லிய வயர் கொண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மெஷினை ஓட்டுபவர்கள் இதே பழுதைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார்கள். நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

எப்போது விட்டுவிட வேண்டும்

மோட்டாரிலிருந்து கருகிய வாசனை, வைண்டிங் அறுந்த அளவீடு, பிழியும்போது உலோகம் உரசும் பேரிங் சத்தம், எலெக்ட்ரானிக் போர்டின் பழுது ஆகியவற்றில் வீட்டில் முயல வேண்டாம். மோட்டார் சூடாகித் தானாக நின்றிருந்தால் மட்டும் ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள். பல மோட்டார்களில் சூட்டில் துண்டித்து, ஆறியதும் சேரும் பாதுகாப்பு ஒன்று உண்டு. மெஷின் வாரண்டியில் இருந்தால் திருகைத் தொடாமலேயே கம்பெனியை அழையுங்கள். மெஷினின் பொது வாரண்டி முடிந்த பிறகும் மோட்டாருக்கு மட்டும் தனியாக நீண்ட வாரண்டி கொடுப்பது வழக்கம் என்பதால் அட்டையை எடுத்துப் பாருங்கள். வருபவர் “போர்டு போய்விட்டது” என்றால், மூடி சுவிட்சையும் டிரைன் மோட்டாரையும் கெப்பாசிட்டரையும் அளந்தீர்களா, மீட்டரில் என்ன வந்தது என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு உடனே துணியை நிரப்பாமல், முதலில் தண்ணீர் மட்டும் விட்டு இரண்டு திசையிலும் பல்சேட்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். பிறகு ஈரத் துண்டுகள் இரண்டை டிரம்மில் எதிரெதிராக வைத்து, தட்டை அழுத்தி, ஒரு நிமிடம் பிழியவிடுங்கள். ஓடும்போதே மூடியைத் திறந்தால் செமி ஆட்டோமேட்டிக்கில் டிரம் சில விநாடிகளுக்குள் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் பிரேக் கம்பியை மீண்டும் ஒருமுறை சரிசெய்த பிறகே பின்பக்கத் தகட்டை மூடுங்கள்.